சிறு கதவும் வாய்மையும்

குழந்தையிடம் பொய் சொல்லலாகாது என்பது அனைவரும் ஒப்பும் அறம். குழந்தைக்குக் கதை சொல்லவேண்டும் என்பதும் அனைவரும் ஒப்பும் அறமே. இவ்விரண்டும் ஒன்றோடொன்று மோதாமல் ஒரே வீட்டில் காலங்காலமாக வாழ்ந்து வருகின்றன. காலையில் பாட்டி பேரனை நிறுத்தி, "உண்மையைச் சொல், மாவு டப்பாவைக் கவிழ்த்தது யார்?" என்று கேட்கிறாள். இரவில் அதே பேரனை மடியில் கிடத்தி, பேசும் நரியையும் வஞ்சகம் செய்யும் முதலையையும் காட்டுகிறாள். காலையில் உண்மையைக் கோரியவள் இரவில் ஏன் இல்லாததைச் சொல்கிறாள் என்று பேரன் கேட்பதில்லை. அவனுக்கு அதில் குழப்பமில்லை. குழப்பம் பெரியவர்களுக்குத்தான். கதை வாயளவில் நிற்கும் வரையில் அந்தக் குழப்பமும் தலைகாட்டுவதில்லை. கதையிலிருந்து ஒரு பொருள் கண்ணுக்குத் தெரியும் வடிவில் தோட்டத்தில் வந்து நிற்கும்போதுதான் அறவினா கூர்மை பெறுகிறது.

பினாங்குத் தீவில், கொடிமலையின் அடிவாரத்தில் அமைந்த ஊர் ஆயர் ஈத்தாம். 'கரிய நீர்' என்பது அம்மலாய்ப் பெயரின் பொருள். 1923ஆம் ஆண்டில் ஓடத் தொடங்கிய மலை இரயிலின் கீழ்நிலையம் இவ்வூரின் எல்லையில் உள்ளது. 1930இல் கட்டி முடிக்கப்பட்ட கெக் லோக் சீ ஆலயத்தின் அடுக்குக் கோபுரம் ஊர் முழுவதற்கும் அடையாளமாய் நிற்கிறது. ஒரு காலத்தில் இச்சரிவுகளில் ஜாதிக்காயும் கிராம்பும் விளைந்தன. இன்று அடுக்குமாடி வீடுகள் மலையோடு போட்டியிட்டு உயர்ந்துவிட்டன. ஆயினும், எஞ்சியுள்ள தரைவீடுகளின் புறத்தே செம்பருத்தியும் கறிவேப்பிலையும் வாழையும் ரம்புத்தானும் இன்னும் தழைக்கின்றன.

அத்தகைய தோட்டம் ஒன்றில் ஒரு முதியவரை எண்ணிப் பார்க்கலாம். மக்கள் கோலாலம்பூரிலும் சிங்கப்பூரிலும் தொழில் பார்க்கின்றனர். பேரப்பிள்ளைகள் பள்ளி விடுமுறையில் மட்டும் வருகின்றனர். அவர்கள் வருமுன் முதியவர் ஒரு பலகைத் துண்டை உள்ளங்கையளவுக்கு அறுத்து, தேய்த்து, பச்சை வண்ணம் பூசுகிறார். ஒரு சட்டைப் பொத்தான் அதற்குக் கைப்பிடி ஆகிறது. சிரட்டைத் துண்டு வாயிற்படி ஆகிறது. ரம்புத்தான் மரத்தின் வேர்களுக்கிடையே அந்தச் சிறு கதவைச் சாத்தி வைக்கிறார். மறுநாள் காலையில் நான்கு வயதுப் பேத்தி அதனைக் கண்டுபிடிக்கிறாள். குனிந்து, கதவில் காதை வைத்துக் கேட்கிறாள். பிறகு திரும்பி, "தாத்தா, உள்ளே யார் இருக்கிறார்கள்? உண்மையாகவே இருக்கிறார்களா?" என்று கேட்கிறாள்.

முதியவர் ஒரு நொடி தயங்குகிறார். அந்த ஒரு நொடித் தயக்கத்தில்தான் இக்கட்டுரைக்குரிய வினா முழுதும் அடங்கியிருக்கிறது. 'ஆம்' என்றால் பொய்யாகிவிடுமோ? 'இல்லை' என்றால் கதவை ஏன் வைக்கவேண்டும்?

சிற்றில் என்னும் மரபு

மரத்தடியில் தேவதைக்குக் கதவு வைக்கும் வழக்கம் மேலை நாட்டிலிருந்து வந்ததென்பது உண்மையே. 2005ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு காப்பிக்கடையின் சுவரடியில் இத்தகைய சிறு கதவு பொதுமக்கள் பார்வைக்கு வந்தது. அடுத்தடுத்துப் பிற கடைகளிலும் கதவுகள் முளைத்தன. பின்னர் அவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. இது நம் பண்பாட்டுக்குப் புறம்பானது என்று உடனே தள்ளிவிடுவோரும் உண்டு. கதவு புதிதாக இருக்கலாம். அதன் பின்னுள்ள மனம் தமிழுக்குப் புதிதன்று.

சிறுமியர் மணலில் வீடு கட்டி விளையாடிய விளையாட்டுக்குச் 'சிற்றில்' என்று பெயரிட்டவர் தமிழர். கலித்தொகையின் குறிஞ்சிக் கலியில், தெருவில் கட்டிய மணல் வீட்டைக் காலால் சிதைத்த குறும்பன் ஒருவன், வளர்ந்தபின் தண்ணீர் கேட்டு வாயிலில் வந்து நிற்கிறான். ஆண்டாள் தம் நாச்சியார் திருமொழியில் ஒரு பதிகம் முழுவதையும், சிற்றிலைச் சிதைக்கவேண்டா என்று கண்ணனிடம் முறையிடுவதற்கே ஒதுக்கினார். ஆண்பால் பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் சிற்றில் ஒன்று. மணல் வீட்டில் எவரும் குடியிருக்க முடியாது என்பது அச்சிறுமியர்க்குத் தெரியும். ஆயினும், அது சிதைந்தபோது அவர்கள் வடித்த கண்ணீர் மெய்க்கண்ணீர். இல்லாத வீட்டின்மீது உள்ள அன்பு இல்லாத அன்பு ஆகிவிடுவதில்லை என்பதனைப் புலவர்கள் உணர்ந்திருந்தனர்.

பிள்ளைத்தமிழின் மற்றொரு பருவம் அம்புலி. வானத்து நிலவை, மண்ணிலுள்ள குழந்தையோடு விளையாட வருமாறு அழைப்பது அதன் பொருள். சாமம், தானம், பேதம், தண்டம் என்னும் நால்வகை உபாயங்களையும் கையாண்டு புலவர் நிலவிடம் பேசுவார்; பரிசு காட்டுவார்; அஞ்சவும் வைப்பார். நிலவு இறங்கி வாராது என்பது புலவர்க்குத் தெரியாதா? முற்றத்தில் நின்று நிலவைக் காட்டிச் சோறூட்டும் தாய்க்குத் தெரியாதா? தெரியும். எனினும் அத்தாயைப் பொய்யள் என்று எந்த நீதிநூலும் கூறவில்லை.

இவை எல்லாவற்றினும் ஆழமான சான்று நற்றிணையின் 172ஆம் பாட்டில் உள்ளது. சிறுமியர் விளையாட்டாகப் புன்னை விதையை மணலில் அழுத்தி மறந்துவிடுகின்றனர். விதை முளைக்கிறது. அதனை நெய்யும் பாலும் ஊற்றி வளர்க்கின்றனர். தாய் மகளிடம், அம்மரம் அவளுக்குத் தங்கை என்றும், அவளைவிடச் சிறந்தது என்றும் கூறி வைக்கிறாள். மகள் வளர்ந்து பருவம் எய்துகிறாள். காதலன் அம்மரத்தின் நிழலுக்கு வருகிறான். தங்கையின் முன்னிலையில் அவனோடு சிரித்துப் பேச நாணுவதாகத் தோழி தலைவிக்காக உரைக்கிறாள். வேறு மரநிழல் நாடலாம் என்கிறாள்.

இப்பாட்டைக் களவொழுக்கத்தின் இடர் கூறி வரைவு கடாவும் உத்தி என்று வகுப்பறையில் விளக்குவது முறையே. ஆயினும் அதனுள் ஓர் அறச்செய்தியும் உண்டு. தாய் சொன்னது பொருளளவில் உண்மையன்று; மரம் எவருக்கும் தங்கையாக முடியாது. அச்சொல் மகளை ஏமாற்றியதா? இல்லை. மரத்தையும் ஓர் உயிராக மதிக்கும் நாணத்தை அது அவளுக்குத் தந்தது. சொல்லின் நம்பிக்கை உதிர்ந்தபின்னும் சொல் வளர்த்த பண்பு எஞ்சி நின்றது. மரத்தடியில் வைத்த சிறு கதவுக்கு இதனினும் பொருத்தமான முன்னோடியைத் தேட வேண்டியதில்லை.

மறுப்போர் கூற்று

எனினும், மறுப்பவர்களின் குரலை எளிதாகத் தள்ளிவிட இயலாது. கிரேக்கப் பேரறிஞர் பிளேட்டோ தம் 'குடியரசு' நூலின் இரண்டாம் பகுதியில், செவிலியரும் தாயரும் சொல்லும் கதைகளைக் கண்காணிக்கவேண்டும் என்றார். இளம் உள்ளம் எளிதில் அச்சு பதியத்தக்கது. அதில் முதலில் பதிவது பின்னர் அழியாது என்பது அவர் கருத்து. ஆனால், அதே பிளேட்டோ அந்த நூலை முடிக்கும்போது, மாண்டு மீண்ட வீரன் ஒருவன் மறுவுலகைக் கண்டுவந்த கதையைச் சொல்லியே முடித்தார். கதை கூடாது என்பது அவர் முடிவன்று. தீய கதை கூடாது என்பதே அவர் முடிவு.

பிரெஞ்சு அறிஞர் ரூசோ 1762இல் வெளியிட்ட 'எமீல்' நூலில் இன்னும் கண்டிப்பாகப் பேசினார். லா ஃபொந்தேன் எழுதிய காகமும் நரியும் பற்றிய கதையை வரிவரியாக ஆராய்ந்து, குழந்தை அதனைப் பிழையாகவே உணரும் என்று வாதிட்டார். ஏமாந்த காகத்தைப் பார்த்துத் திருந்துவதற்கு மாறாக, ஏமாற்றிய நரியின் பக்கம் குழந்தை சேர்ந்துவிடும் என்பது அவர் அச்சம். இந்த அச்சத்தில் ஓர் உண்மை உண்டு. கதையைச் சொல்வோர் கருதும் பொருளும் கேட்கும் குழந்தை கொள்ளும் பொருளும் ஒன்றாயிருக்கும் என்பதற்கு உறுதியில்லை. ஆதலால், கதை சொன்னவர் கதை முடிந்ததும் எழுந்து போய்விடலாகாது. குழந்தை அதனை எவ்வாறு கொண்டது என்று அருகிருந்து காணவேண்டும். ரூசோவின் வாதம் கதையை ஒழிப்பதற்குக் காரணம் ஆகவில்லை. கதை சொல்வோரின் பொறுப்பை மிகுவிப்பதற்கே காரணம் ஆகிறது.

வாய்மையே வாழ்வெனக் கொண்ட ஒருவரின் சான்று இங்கே பெரிதும் பயன்படும். காந்தியடிகள் இளமையில் அரிச்சந்திர நாடகத்தைக் கண்டார். அதனை மனத்துள் எண்ணற்ற முறை நடித்துப் பார்த்தார். அக்கதை நிகழ்ந்ததென்றே அப்பொழுது நம்பினார். அரிச்சந்திரன் வரலாற்று மாந்தனாய் இருந்திருக்க இயலாது என்று பின்னாளில் தம் அறிவு கூறுவதாகத் தம் தன்வரலாற்றில் அவரே எழுதினார். ஆயினும், அரிச்சந்திரன் தமக்கு இன்றும் உயிருள்ள உண்மையே என்றும் சேர்த்து எழுதினார். சத்தியசோதனை நடத்தியவரின் வாய்மைப் பற்று, நிகழாத ஒரு கதையில் வேர் கொண்டது. கற்பனை வாய்மைக்குப் பகையென்று கூறுவோர் இச்சான்றை எண்ணிப் பார்க்கவேண்டும்.

பொய்யும் பாவனையும்

அங்ஙனமாயின், எல்லாக் கற்பனையும் நன்று எனலாமா? அதுவும் ஆகாது. பொய்க்கும் பாவனைக்கும் இடையே எல்லை உண்டு. அவ்வெல்லையைக் காண வள்ளுவரின் வாய்மை அதிகாரம் இரண்டு அளவுகோல்களைத் தருகிறது. தீமை பயவாத சொல்லே வாய்மை என்பது ஒன்று. தன் நெஞ்சு அறியப் பொய்த்தால் அந்நெஞ்சே பின்னர்ச் சுடும் என்பது மற்றொன்று. முதலாவது, கேட்பவரைப் பற்றிய அளவுகோல். இரண்டாவது, சொல்பவரைப் பற்றிய அளவுகோல். இரண்டிலும் தேறிய சொல்லே குற்றமற்றது.

இவ்வளவுகோல்களைக் கொண்டு நோக்கினால், தமிழ் வீடுகளில் நெடுங்காலமாக நடமாடிவரும் ஒருவன் முதலில் அகப்படுவான். அவன் பூச்சாண்டி. "சாப்பிடாவிட்டால் பூச்சாண்டியிடம் பிடித்துக் கொடுத்துவிடுவேன்" என்று மிரட்டாத வீடு அரிது. தேவதைக் கதவைப் பொய்யென்று முகம் சுளிப்பவரே பூச்சாண்டியைத் தயங்காமல் அழைப்பதுண்டு. இரண்டும் இல்லாதவையே. ஆனால், ஒன்று குழந்தையின் அச்சத்தைக் கருவியாக்கிப் பெரியவரின் வேலையை எளிதாக்குகிறது. மற்றொன்று பெரியவரின் உழைப்பைச் செலவிட்டுக் குழந்தையின் வியப்பை வளர்க்கிறது. பூச்சாண்டியை ஏவும்போது குழந்தையோடு பெரியவர் விளையாடவில்லை. குழந்தையை ஆட்டி வைக்கிறார். அது பாவனையன்று, அதிகாரத்தின் குறுக்குவழி.

சிறுவர்களின் அறிவைக் குறைவாக மதிப்பதும் பெரியவர்களின் வழக்கமான பிழை. இங்கிலாந்தில் பால் ஹாரிஸ் என்னும் உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும் 1991இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நான்கு வயதும் ஆறு வயதும் ஆன குழந்தைகளிடம் வெறும் பெட்டியைக் காட்டி, அதனுள் ஓர் உயிர் இருப்பதாகப் பாவனை செய்யச் சொன்னார்கள். அது பாவனையே என்று குழந்தைகள் தெளிவாகவே கூறினர். ஆயினும், உள்ளே அரக்கன் இருப்பதாகப் பாவித்த சிறுகுழந்தைகளுள் சிலர், ஆய்வாளர் அறையைவிட்டு வெளியே செல்ல விரும்பவில்லை. அறிவு 'இல்லை' என்று சொன்னது. அச்சம் 'இருந்தால் என்ன செய்வது?' என்று கேட்டது. கற்பனைக்கும் உண்மைக்கும் உள்ள வேறுபாடு குழந்தைக்குத் தெரிகிறது என்பது இதனால் விளங்கும். தெரிந்தபோதிலும் கற்பனை அதன் உணர்ச்சியை அசைக்கவல்லது என்பதும் விளங்கும். ஆதலால், சிறு கதவின் பின்னே யாரைக் குடியமர்த்துவது என்பது விளையாட்டான முடிவன்று. அங்கே அச்சம் குடியேறலாகாது. 'நீ செய்வதையெல்லாம் உள்ளிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்' என்று ஒரு முறை சொல்லிவிட்டால், தேவதை பூச்சாண்டியாகிவிடும்.

பாவனை பொய்யாக மாறிய கதைக்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. இங்கிலாந்தின் காட்டிங்லி என்னும் சிற்றூரில் 1917ஆம் ஆண்டில் பதினாறு வயது எல்சி ரைட்டும் ஒன்பது வயது பிரான்சஸ் கிரிபித்சும் ஓடைக்கரையில் தேவதைகளோடு இருப்பது போன்ற நிழற்படங்களை எடுத்தனர். படத்திலிருந்த தேவதைகள் தாளில் வரைந்து வெட்டி, ஊசியால் நிறுத்தப்பட்டவை. வீட்டோடு முடிந்திருக்கவேண்டிய குறும்பு அது. ஆனால், செர்லாக் ஹோம்சைப் படைத்த ஆர்தர் கோனன் டாயில் அப்படங்களை மெய்யென நம்பினார். 1920இல் இதழொன்றில் அவற்றை வெளியிட்டார். 1922இல் அதுபற்றி நூலே எழுதினார். உலகப்போரின் காலத்தில் மகனை இழந்திருந்த அவர், கண்ணுக்குத் தெரியாத உலகம் ஒன்று உண்டு என்பதற்குச் சான்று தேடிக்கொண்டிருந்தார்.

அதன்பின் அச்சிறுமியரால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. அத்துணைப் பெரிய மனிதரை ஏமாற்றிவிட்டபின் ஒப்புக்கொள்ள நாணினர். படங்கள் போலியானவை என்பதை அவர்கள் 1983இல்தான் ஒப்புக்கொண்டனர். அப்பொழுது இருவரும் முதுமை எய்தியிருந்தனர். ஒரே ஒரு படம் மட்டும் மெய்யானதென்று பிரான்சஸ் அப்பொழுதும் கூறினார். அறுபது ஆண்டுக்கும் மேலாக ஒரு விளையாட்டு இருவர் தோளில் சுமையாய்க் கிடந்தது. இதில் குற்றம் யாருடையது? தாளில் தேவதையை வெட்டிய சிறுமியரின் பிழை சிறிது. விளையாட்டைச் சான்றாகவும், சான்றை உலகச் செய்தியாகவும் ஆக்கிய பெரியவர்களின் பிழை பெரிது. குழந்தையின் பாவனை திரும்பிவரும் வழியை உடையது. பெரியவர் அவ்வழியை அடைத்துவிடும்போதுதான் அது பொய்யாய் இறுகுகிறது.

நல்ல பாவனையின் இலக்கணம் இதனால் தெளிவாகிறது. உள்ளே போகவும் வெளியே வரவும் அதில் வழி இருக்கவேண்டும். ஜார்ஜ் டவுனின் ஆர்மீனியன் தெருவில் 2012இல் எர்னஸ்ட் சக்காரேவிச் என்னும் ஓவியர் இரு குழந்தைகளைச் சுவரில் வரைந்து, அவர்கள் ஏறியிருக்கும் மிதிவண்டியை மட்டும் மெய்யான மிதிவண்டியாகவே சுவரோடு பொருத்தினார். பார்ப்பவர் அருகே நின்று தாமும் அதில் தொற்றிக்கொள்வதுபோல் படம் எடுத்துக்கொள்கின்றனர். எவரும் தாம் ஏமாற்றப்பட்டதாக முறையிடவில்லை. சுவர் எது, வண்டி எது என்பது தெரிந்தேயிருக்கிறது. தெரிந்தும் சேர்ந்துகொள்வதே அதன் இன்பம். தமிழ்ப்பள்ளி மாணவன் 'நான் ஒரு குடை' என்று தன்கதைக் கட்டுரை எழுதும்போது, ஆசிரியர் அதனைப் பொய்யென்று அடித்துத் திருத்துவதில்லை. நன்றாகப் பாவித்தானா என்றே பார்க்கிறார்.

தோட்டம் தனியொருவர்க்குரியதன்று

சிறு கதவுக்கு மற்றொரு கடமையும் உண்டு. அது நிற்கும் இடம் பிறவுயிர்களுக்கும் பிறமக்களுக்கும் உரியது. பினாங்கில் மரத்தடியில் காணப்படும் சிறு வீடுகள் எல்லாம் விளையாட்டு வீடுகள் அல்ல. சாலையோரத்திலும் மரவேரிலும் சிவப்பு வண்ணத்தில் நிற்கும் டத்தோக் கோங் சிறுகோயில்களில் சீன மக்கள் ஊதுவத்தி ஏற்றி வழிபடுகின்றனர். தமிழரும் மரத்தடியில் முனீஸ்வரரை வைத்து வணங்குகின்றனர். காட்டில் ஒராங் பூனியான் என்னும் மறைந்துவாழும் மக்கள் உண்டு என்பது மலாய் மக்களின் மரபுக்கதை. இவ்வூரில் வளரும் குழந்தை, தாத்தா வைத்த கதவையும் தெருமுனைச் சிறுகோயிலையும் ஒன்றாகவே கருதக்கூடும். அங்குள்ள கிண்ணத்தை விளையாட்டுப் பொருளென எடுத்து வந்துவிடவும் கூடும். "இது நாம் விளையாட வைத்தது, அது அவர்கள் வணங்க வைத்தது" என்று இரண்டையும் பிரித்துச் சொல்வது தாத்தாவின் கடமை. தன் விளையாட்டில் மகிழவும் பிறர் வழிபாட்டை மதிக்கவும் குழந்தை ஒரே காலையில் கற்றுக்கொள்ளலாம்.

அளவு மீறினால் அமுதும் கேடாகும் என்பதற்கு இங்கிலாந்தின் வேபர்ட் காடு சான்று. அங்கே மரவேரில் தோன்றிய சிறு கதவு ஒன்று பிள்ளைகளை ஈர்த்தது. பார்க்க வந்தவர்கள் தாமும் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து மாட்டினர். நூற்றுக்கணக்கில் கதவுகள் பெருகவே, காட்டைப் பேணுவோர் 2015இல் கட்டுப்பாடு விதிக்க வேண்டியதாயிற்று. மரத்தைக் காட்டிக் குழந்தையை மகிழ்விக்க வந்தவர் மரத்திலேயே ஆணி அறைவது எத்தகைய முரண்! பட்டைக்கு அடியிலுள்ள மெல்லிய திசுவின் வழியாகவே மரத்தின் உணவு செல்கிறது. அதனைத் துளைப்பது மரத்துக்குப் புண். கதவைச் சாத்தி வைத்தாலே போதும், அறைய வேண்டியதில்லை. 'மரத்துக்கு வலிக்கும்' என்று தாத்தா சொல்லி ஆணியைத் தவிர்த்தால், நற்றிணைத் தாயின் சொல் ஆயர் ஈத்தாமில் மீண்டும் ஒலித்ததாகும்.

வெப்பநாட்டுத் தோட்டத்திற்கே உரிய பொறுப்பு இன்னொன்று. கதவோடு நில்லாமல் சின்னஞ்சிறு கிணறும் தொட்டியும் வைக்கும் ஆசை எழும். தேங்கிய சிறிதளவு தூய நீரே ஏடிஸ் கொசுவுக்குப் போதும். முட்டை கொசுவாய்ப் பறக்க ஏறத்தாழ ஒரு வாரமே ஆகும். டெங்கிக் காய்ச்சல் மலேசியாவில் ஆண்டுதோறும் உயிர் கவரும் நோய். நோய்பரப்பும் பூச்சிகளை ஒழிப்பதற்கான 1975ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, கொசு பெருக இடந்தரும் வீட்டுக்காரர் தண்டத்துக்கு உரியவர். சட்டத்தைக் காட்டிலும் அறம் பெரிது. பேரப்பிள்ளையின் கற்பனைக்காக வைத்த சிரட்டை, அண்டைவீட்டுப் பிள்ளைக்கு நோயாய் முடியலாகாது. மழைக்குப்பின் சிரட்டையைக் கவிழ்த்து வைக்கும் வேலையைப் பேத்தியிடமே ஒப்படைக்கலாம். கண்ணுக்குத் தெரியாத குடியிருப்பாளருக்காகச் செய்யும் தொண்டு, கண்ணுக்குத் தெரியும் அயலாருக்கும் நலமாகும்.

முதியவர் தம் நெஞ்சையும் ஒருமுறை ஆராயவேண்டும். விடுமுறைக்கு மட்டுமே வரும் குழந்தைகளின் அன்பை விலைகொடுத்துப் பெறும் ஆசை எந்தத் தாத்தாவுக்கும் வரக்கூடியதே. கடையில் வாங்கிய ஒளிவிடும் கதவுகளும் பொம்மைகளும் தோட்டத்தை நிறைக்கும்போது, குழந்தை செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிராது. பார்ப்பது ஒன்றே எஞ்சும். சிற்றில் கட்டியவர் சிறுமியரே அன்றிப் பெரியவர் அல்லர். ஆதலால், தாத்தா ஒரு கதவை வைத்துவிட்டுப் பின்வாங்கவேண்டும். ஏணியும் வேலியும் கொடிக்கயிறும் பிள்ளைகளின் கையால் வளரட்டும். வாழைச்சருகும் ரம்புத்தான் தோலும் கறிவேப்பிலைக் காம்பும் கடைப்பொருளினும் சிறந்தவை. கோணலாக நிற்கும் ஏணியைத் தாத்தா இரவில் நிமிர்த்தி வைக்காதிருப்பாரானால், அவர் அன்பு முதிர்ந்தது எனலாம்.

வினா எழும் நாள்

இனி, பேத்தியின் வினாவுக்கு வருதல் வேண்டும். "உண்மையாகவே இருக்கிறார்களா?" என்னும் கேள்வி இரண்டு குரல்களில் எழும். ஒன்று, விளையாட்டின் உள்ளிருந்து எழும் குரல். கண்ணில் ஒளியோடு, கதையின் அடுத்த அடியை வேண்டிக் கேட்பது அது. அப்பொழுது, "காலையில் வெளியே போயிருப்பார்களோ?" என்பது பொய்யன்று, ஆட்டத்தில் தன் முறைக்கு ஆடும் ஆட்டம். மற்றொன்று, விளையாட்டின் வெளியே வந்து நின்று எழும் குரல். பள்ளியில் தோழி நகைத்திருக்கலாம். இரவில் எண்ணிப் பார்த்துத் தானே ஐயுற்றிருக்கலாம். அக்குரலில் ஆட்டம் இராது. மெய்யறியும் விருப்பம் இருக்கும். அவ்வேளையில் சிரித்து மழுப்புவதும் "ஆம்" என்று அடித்துப் பேசுவதும் குற்றம். அக்கணமே அது பொய்யாகிவிடும். குழந்தை இழப்பது ஒரு தேவதையை அன்று, தாத்தாவின் சொல்லை.

இரண்டு குரல்களையும் பிரித்தறிவதற்கு நூலறிவு வேண்டியதில்லை, அருகிருத்தல் வேண்டும். நெஞ்சு சுடும் என்று வள்ளுவர் கூறிய எச்சரிக்கை இங்கேதான் துணை நிற்கிறது. விளையாட்டுக் குரலுக்கு விளையாட்டாய் விடையிறுத்தபோது நெஞ்சு சுடுவதில்லை. மெய்யறிய விழையும் குரலுக்கு விளையாட்டாய் விடையிறுத்தால் சுடும். அந்தச் சூட்டை உணரும் நெஞ்சு உள்ளவரையில் தாத்தா வழி தவறமாட்டார்.

மெய்யறிய விரும்பிக் கேட்கும் நாளில் சொல்லவேண்டிய விடை எளியது. "கதவைச் செய்தவன் நான்தான், அம்மா. நீ வருவாய் என்று செய்தேன்." இவ்விடையில் தேவதை மறைகிறாள், ஆனால் குழந்தை வெறுங்கையோடு நிற்பதில்லை. தான் வருமுன்பே தன்னை எண்ணி ஒருவர் பலகையை அறுத்தார், தேய்த்தார், வண்ணம் பூசினார் என்னும் செய்தி அதன் கைக்கு வருகிறது. கதவின் பின்னே யாரோ இருந்தது உண்மையே. இருந்தவர் தாத்தா.

அதனோடும் முடிந்துவிடுவதில்லை. அறிந்த குழந்தையின் அருகே இன்னும் அறியாத தம்பியோ அண்டைவீட்டுச் சிறுமியோ இருக்கக்கூடும். "இனி நீ செய், அவனுக்கு வியப்பாய் இருக்கட்டும். அவன் உண்மையை அறிய விரும்பிக் கேட்கும் நாளில் நீயே சொல்" என்று தாத்தா கதவின் பொறுப்பை ஒப்படைக்கலாம். மறைபொருளைக் காப்பது பொய்யில் பங்கு கொள்வதாகாதா என்று சிலர் வினவலாம். சொல்லும் கடமையையும் சேர்த்தே ஒப்படைத்திருப்பதால் அது பொய்யாகாது. பெறுகின்ற நிலையிலிருந்து தருகின்ற நிலைக்கு ஏறுவதே வளர்ச்சி. நேற்றுவரை வியந்த குழந்தை இன்று பிறரை வியக்கவைக்கிறது. வியப்பு தொலையவில்லை, இடம் மாறியிருக்கிறது.

ஆசிரியர்க்கும் இதில் பாடம் உண்டு. முல்லைக்குத் தேர் தந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை ஈந்த பேகனையும் வகுப்பில் கற்பிக்கும்போது, "முல்லைக்குத் தேர் எதற்கு? மயிலுக்குக் குளிருமா?" என்று கேட்கும் மாணவன் எழுவான். அவனை அடக்குவதும் தவறு. அவனோடு சேர்ந்து பாரியை நகைப்பதும் தவறு. முல்லைக்குத் தேர் தேவையில்லை என்பது அறிவு. தேவையோ என்று ஒரு கணம் எண்ணிய நெஞ்சு அருள். முன்னதைக் கணக்குப் பாடம் தரும். பின்னதைச் சிறுவயதில் மரத்தடியில் குனிந்து காது வைத்துக் கேட்ட பழக்கம் தரும். முன்னோர் அதனைக் கொடைமடம் என்றனர். அம்மடமையைப் பழிக்காமல் போற்றவும் செய்தனர்.

ஆயர் ஈத்தாமில் மழைக்குக் குறைவில்லை. பலகைக் கதவு நெடுங்காலம் நில்லாது. வண்ணம் உரியும், மூலை இற்றுப்போகும், ஒருநாள் வேரோடு வேராக மண்ணில் கலக்கும். ரம்புத்தான் மரம் மட்டும் நிற்கும். வளர்ந்த பேத்தி என்றோ ஒருநாள் அவ்வழியே வரும்போது, அம்மரத்தை வெட்டலாமா என்று எவரேனும் கேட்டால் ஒரு நொடி தயங்குவாள். ஒரு காலத்தில் தாத்தாவிடம் எழுந்த தயக்கம் அது. அத்தயக்கம் அவளிடம் இருக்குமானால், தாத்தா பொய் சொல்லவில்லை.